குதிக்கிற வண்டியும் மிதிக்கிற வண்டியும்

1. பதினொரு பட்டை

ஒரு வண்டியின் முன்னால், இடப்பக்கமும் வலப்பக்கமும் பதினொரு பதினொரு கமான் பட்டை போட்டு அனுப்பியவன் நான். இந்த வேலை தெரிந்தவர்கள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லாரியின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவில், வில் மாதிரி வளைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள்தான் கமான் பட்டை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது வளைந்து கொடுக்கும். அது செய்யவேண்டிய வேலையே அவ்வளவுதான். நான் அதை வளையவே விடாமல் செய்து அனுப்பினேன்.

இது நடந்தது 2005-ஆம் வருஷம், ஆடி மாதம். மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் என்றால் நானும் காதர் பாயும். காதர் பாய் வெல்டர். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் மொபெட்டில் வருவார். கமான், ஆக்சில், ஸ்டியரிங் வேலையெல்லாம் என்னுடையது. வெல்டிங்கும் வாய் வேலையும் அவருடையது. ஆள் வந்தால் நான் வண்டிக்கு அடியில் போய்விடுவேன். அங்கே வேலை இருக்கும், பேச்சு இருக்காது. காதர் பாய் வெளியில் நின்று பேசி முடித்து, எனக்கு வேண்டிய சேதியை மட்டும் குனிந்து சொல்வார். இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டியிருந்தோம்.

அன்றைக்கு வந்தது மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் டிரைவ் லாரி. உருவத்தில் சின்னதுதான், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். அதை வைத்திருந்தவர் தணிகாசலம். பிரம்மதேசத்துக்காரர், மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அவருடைய பாத்திகள் அளத்தின் கடைசியில், ரோட்டிலிருந்து வெகு உள்ளே இருந்தன. வாரிய உப்பை ரோட்டுக்குக் கொண்டுவர ஒரே வழி, பாத்திகளுக்கு நடுவில் போகிற மண் கரை. சாதாரண லாரி அதில் இறங்கினால் திரும்பி வராது. அதனால்தான் இந்த வண்டி.

“பாய், மூக்கு தொங்கிப்போச்சு பாய்” என்றார் தணிகாசலம். “நடுவுல ஒரு மதகு மேடு வருது இல்ல, அதுல ஏறும்போதெல்லாம் முன் ஆக்சில் நடுவுல இருக்கிற கியர் உருண்டை தரையில இடிக்குது. ஏத்திக் குடுங்க.”

“எவ்ளோ ஏத்தணும்?”

“ரெண்டு பட்டை சேத்து அடிச்சி வுடுங்க. சும்மா கல்லு மாதிரி நிக்கணும்.”

காதர் பாய் குனிந்தார். “தயாளா, ரெண்டு பட்டையாம். கல்லு மாதிரி நிக்கணுமாம். இன்னா சொல்ற?”

நான் அப்போது முன் ஆக்சிலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். கம்பெனி போட்ட ஒன்பது பட்டையும் இருந்தன. ஆனால் ஒன்பதும் தனித்தனியாக இல்லை. நடுவில் துரு ஏறி, துருவின்மேல் உப்புப் பூத்து, எல்லாம் ஒரே கட்டையாக ஒட்டிப்போயிருந்தன. ஷாக் அப்சார்பர் மாட்டுகிற இடம் இருந்தது, ஷாக் இல்லை. டிரைவர் ஏழுமலை என் தலைமாட்டில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்:

“சக்கரம், பட்டையெல்லாம் பளிச்சுன்னு இருக்குது பாருங்க. தெனமும் வாய்க்கா தண்ணியில கழுவிட்டுத்தான் எடுப்பேன்.”

அளத்து வாய்க்கால் தண்ணீர் என்பது பாதி உப்பாகிவிட்ட கடல் தண்ணீர். அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பது நல்லது. ஆனால் அங்கே நல்ல தண்ணீர் குடிக்கவே குடத்தில் வருகிறது. அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் கழுவுவார்கள்.

இந்தப் பட்டை ஏற்கெனவே கல்லாகத்தான் இருக்கிறது, மேலும் ரெண்டு போட்டால் வண்டி குதிக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பார்கள். அப்புறம் எப்படி என்பார்கள். எத்தனை நாள் ஆகும் என்பார்கள். அத்தனைக்கும் வெளியே வந்து பதில் சொல்ல வேண்டும்.

“சரிங்க” என்றேன்.

நல்ல கூனல், அதாவது வளைவு, உள்ள பட்டைகளைப் பக்கத்துக்கு ரெண்டாக அடியில் சேர்த்து, நீளமான சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டை முறுக்கி இறக்கினேன். வண்டியின் மூக்கு நாலு விரல் தூக்கிக்கொண்டது. தணிகாசலம் முன்னால் நின்று பார்த்தார், பக்கத்தில் நின்று பார்த்தார், பம்பரின்மேல் ஏறிக் குதித்தும் பார்த்தார். வண்டி ஒரு நூல்கூட அசையவில்லை.

“இதான் வேலை!” என்றார்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

2. ஏழுமலையின் தலை

மூன்றாம் நாள் டீக்கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். நெற்றிக்கு மேலே புடைத்திருந்தது.

“இன்னா ஆச்சு?”

“உங்க வேலைதான் மேஸ்திரி. மதகு மேட்டுல ஏறி இறங்கினா நான் சீட்டுல இல்ல. கூரையில இருக்கேன். ஸ்டியரிங் தனியா ஓட்டிக்கினு போவுது.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே வண்டியைக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் கரை உடைந்தது.

அந்தக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின டிசம்பரில் வந்த சுனாமி அளத்தையும் விட்டுவைக்கவில்லை. கரைகளைக் கரைத்து, பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. எல்லாரும் புது மண் போட்டுக் கரை கட்டி, பாத்தியைத் திரும்பச் சரிசெய்து, அந்த வருஷம் தாமதமாகத்தான் உப்பு எடுத்தார்கள். புதுக் கரை நன்றாக இறுகுவதற்கு ஒரு மழைக்காலமாவது போகவேண்டும். அது போகவில்லை.

தணிகாசலத்தின் வண்டி போகிற கரையில் மதகு மேடு இருக்கும் பகுதி அவருடையது இல்லை. சரோஜா என்பவருடையது. ஐம்பது வயது இருக்கும். சொந்த அளம், தானும் இறங்கி வேலை செய்வார். கரைக்கு ஒரு பக்கம் அவர் தண்ணீர் தேக்கிவைக்கும் பாத்தி, மறுபக்கம் உப்பு விளைகிற பாத்தி. வண்டி மேட்டிலிருந்து தொம்மென்று இறங்கியதில் கரை வாய் பிளந்து, தேக்கிவைத்த தண்ணீர் மறுபக்கம் பாய்ந்து, நாளைக்கு வாரலாம் என்று வைத்திருந்த உப்பைக் கரைத்துவிட்டது. மூன்று பாத்தி உப்பு.

சரோஜா அக்கா கரையை அடைத்தார். அடைத்துவிட்டு ஒரு பனை மரத்தை ஆள்வைத்து உருட்டிக்கொண்டு வந்து கரையின் குறுக்கே போட்டார். வண்டி போகாது என்று சொல்லிவிட்டார்.

தணிகாசலத்தின் உப்பு முழுக்க உள்ளே அம்பாரமாகக் கிடந்தது. ஒரு வருஷத்து உழைப்பு. அவர் அளம் பள்ளத்தில் இருக்கிறது. நல்ல மழை ரெண்டு பிடித்தால் அம்பாரத்தின் அடி தண்ணீரில் நிற்கும், அப்புறம் அதை உப்பு என்று சொல்லமுடியாது. தலைச்சுமையாக எடுத்தால் ஐப்பசி வரைக்கும் ஆகும். வானமோ தினமும் சாயங்காலம் தெற்கே கறுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

3. சரோஜா அக்கா குனிந்தார்

நான் ஒரு டெம்போவுக்கு அடியில் இருந்தேன். ஒரு ஜோடி வெறுங்கால் வந்து நின்றது. முட்டி வரைக்கும் வெள்ளையாக உப்புப் படிந்த கால்.

“கமான் பட்டறை இதுதானே? தணிகாசலம் வண்டிக்கு வைத்தியம் பாத்தது யாரு?”

காதர் பாய் எல்லாருக்கும் பதில் சொல்கிறவர். அன்றைக்கு மட்டும் அவர் பேசாமல் டெம்போவுக்கு அடியில் கையைக் காட்டினார் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

சரோஜா அக்கா குனிந்தார். குனிந்ததோடு நிற்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு மண்கட்டி இருந்தது.

“ஏம்பா, நீதானா? வெளிய வர வேணாம், படுத்துக்கினே கேளு. இது இன்னா தெரியுமா?”

“மண்ணுங்க.”

“என் கரை.”

நான் தலையைத் திருப்பி அந்தக் கட்டியைப் பார்த்தேன். அக்கா தொடர்ந்தார்.

“பாத்தி போடுறதுக்கு முன்னாடி தரையை இன்னா பண்ணுவோம் தெரியுமா? வரிசையா நின்னு மிதிப்போம். நாள் கணக்கா மிதிப்போம். கரைய கட்டினாலும் அப்படித்தான். மெதுவா, பாதம் முழுக்க வச்சி மிதிக்கணும். அப்பதான் மண்ணு இறுகும். எவளாவது வெளையாட்டா குதிச்சா வையி, திட்டு வுழும். குதிச்சா மண்ணு பொளக்கும். புரியுதா?”

“புரியுதுங்க.”

“முன்னாடியும் வண்டி கனமாத்தான் இருந்துச்சு. ஆனா ஊர்ந்து போச்சு, நான் ஒண்ணும் சொல்லல. நீ இன்னாவோ பண்ணி வுட்ட பெறகு குதிக்குது. உன் வண்டிக்கு மிதிக்கத் தெரியல.”

மண்கட்டியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் பதின்மூன்று வயதிலிருந்து கமான் வேலை செய்கிறேன். வண்டி “ஹார்டா இருக்கு”, “சாஃப்டா இருக்கு”, “தூக்கிப் போடுது” என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். வண்டிக்கு மிதிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதும் இல்லை. டெம்போ வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

“பாய், தணிகாசலத்தை வரச் சொல்லுங்க. நான் பேசணும்.”

காதர் பாய் கையிலிருந்த வெல்டிங் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “நீயா?”

4. ஏற்றச் சொன்னால் இறக்குகிறாயே

தணிகாசலம் வந்தார். வரும்போதே கோபமாக வந்தார்.

“அந்தம்மா வழியை மறிக்குது, அதுக்கு நீ இன்னாத்துக்குப்பா என்னைக் கூப்புடுற?”

“பட்டையை எடுக்கணுங்க.”

“எடுக்கணுமா?”

“நான் போட்ட ரெண்டையும் எடுக்கணும். அதுக்கு மேல இன்னும் ரெண்டு எடுக்கணும். ஏழுதான் இருக்கணும்.”

“ஏத்தச் சொன்னா எறக்குறேன்றியே! அப்புறம் மூக்கு தரையில தேயுமே!”

அப்போதுதான் நான் பேசினேன். ஒட்டிப்போன பட்டை வளையாது, வளையாத பட்டை சக்கரம் வாங்கும் அடியை எல்லாம் மண்ணுக்கே கொடுக்கும் என்று சொன்னேன். உயரத்துக்கும் கல்லாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை, உயரத்தை வேறு வழியில் கொண்டுவரலாம், பட்டை குறைந்தாலும் கூனல் சரியாக இருந்தால் மூக்கு தொங்காது என்று சொன்னேன். ஷாக் இல்லாத வண்டி ஒரு தடவை குதித்தால் நாலு தடவை குதிக்கும் என்றும் சொன்னேன். போன தடவையே இதைச் சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு, இந்த வேலை முழுக்க என் பொறுப்பு என்று முடித்தேன்.

தணிகாசலம் காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் என்னைப் பார்த்தார்.

“தயாளா, தண்ணி குடி” என்றார். “ஒன்பது வருஷத்துல நீ பேசினது எல்லாம் சேத்தா இவ்ளோ வராது.”

தணிகாசலத்துக்கு வேறு வழியும் இல்லை. அவரே சரோஜா அக்காவிடம் போனார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. அக்கா ஒரே ஒரு தடவை ஒத்துக்கொண்டிருந்தார். வண்டி சரியான பிறகு காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை அவர் கண்ணெதிரில் கரைமேல் போக வேண்டும். கரையில் ஒரு வெடிப்பு விழுந்தாலும் இந்த வருஷம் முழுக்க அந்த வழி கிடையாது.

5. நீல டிரம்மும் மீன் எண்ணெயும்

வேலை நாலு நாள் ஆயிற்று. இந்த வேலைக்கு வரும் தம்பிமார்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கமான் அடுக்கை முழுசாகக் கழற்றி டீசலில் ஊறப்போட்டேன். காதர் பாய் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு ஓடி வந்தார், “நாலு நிமிஷத்துல பிரிச்சிடலாம்” என்று. நான் குறுக்கே நின்றேன். கமான் பட்டைக்கு அந்தச் சூடு காட்டினால் அதன் உயிர் போய்விடும். பார்க்க இரும்பாக இருக்கும், வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். பட்டையை டீசலில் ஊறவைத்துத் தட்ட வேண்டும், மறுபடி ஊறவைத்துத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு அதுதான் வேலை. பிரிந்த பட்டைகளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது கீழே விழுந்த துருவையும் உப்பையும் ஒரு முறம் நிறைய அள்ளலாம்.

ஒன்பதில் நல்லதாக ஏழைப் பொறுக்கினேன். தடிப்பான குட்டைப் பட்டைகளை விட்டுவிட்டு, மெல்லிசான நீளப் பட்டைகளை வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் சூடு காட்டாமலே பட்டடைக் கல்மேல் வைத்துச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக் கூனல் ஏற்றினேன். ரெண்டு பக்கமும் ஒரே கூனலா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணை நம்பக் கூடாது.

பட்டை நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று தேயும் இடத்தில் ஏதாவது வழுவழுப்பாக வைத்தால் நல்லது. புதுச்சேரியில் கேட்டால் ஏதேதோ பேர் சொன்னார்கள். நான் ஓட்டை விழுந்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை அறுத்து, நுனிக்கு ஒரு துண்டாக வைத்தேன். அது உப்புக்கும் அசையாது, தண்ணீருக்கும் அசையாது.

உயரத்துக்கு, பட்டையின் பின்நுனியைச் சேசிஸோடு தொங்கவிடும் ஷேக்கிளை ரெண்டு இன்ச் நீளமாக காதர் பாய் புதிதாகச் செய்தார். ஷேக்கிள் நீண்டால் ஆக்சில் கொஞ்சம் சாயும். சாய்ந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வண்டி அலையும். அதற்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு சாய்வுத் தகடு வைத்துச் சரிக்கட்டினேன். ஷாக் அப்சார்பர் ரெண்டும் பழைய பஸ் உடைக்கிற இடத்தில் கிடைத்தன.

எல்லாம் மாட்டி ஜாக்கியை ஏற்றியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். சக்கரம் கீழே தொங்கும்போது பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் கயிறு மாதிரி விறைத்து நின்றது. வண்டியை உயர்த்துகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இது. மேட்டில் ஏறி இறங்கும்போது ஹோஸ் அறுந்தால் அப்புறம் கரையைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. நீளமான ஹோஸ் வாங்கி வந்து போட்டேன்.

கடைசியில், பட்டைக்கு நடுவில் துரு ஏறாமலிருக்க என்ன பூசுவது என்று யோசித்தோம். கிரீஸ் பூசினால் மண் ஒட்டும். காதர் பாய் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு டின் மீன் எண்ணெய் வாங்கி வந்தார், மரப் படகுக்குப் பூசுகிறது. “படகே உப்புத் தண்ணியில அழுகாம கெடக்குது, பட்டை இன்னா பெருசா?” என்றார். நல்ல யோசனைதான். பூசினோம். நாற்றத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார்.

6. தணிகாசலத்தின் செருப்பு

சோதனைக்கு ஒரு காலை நேரத்தில் போனோம். ஏழுமலை ஓட்டினார். நாங்கள் மொபெட்டில் பின்னால் போனோம். எங்களுக்குப் பின்னால் ஆறு நாய்கள் வந்தன. மீன் எண்ணெய் வாசனைக்கு வந்தவை. வழியில் வண்டி எங்கே திரும்பினாலும் அவையும் திரும்பின. அளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து நின்று சிரித்தார்கள்.

“இன்னாடீ, வண்டி ஊர்வலம் வருது!”

“கருவாடு விக்க வர்றாங்க போல!”

சரோஜா அக்கா சிரிக்கவில்லை. பனை மரத்தை ஓரமாகத் தள்ளச் சொன்னார். பிறகு மதகு மேட்டுக்குப் பக்கத்தில், கரையின் ஓரச் சரிவில் வெறுங்காலோடு போய் நின்றுகொண்டார்.

“அக்கா, அங்க நிக்காத, வண்டி வருது” என்றார் காதர் பாய்.

“நான் கண்ணால பாக்க வரல. காலுக்குத் தெரியும். வரச் சொல்லு.”

காலி வண்டி வந்தது. மேட்டில் மூக்கைத் தூக்கி ஏறியது, மறுபக்கம் இறங்கியது. இறங்கும்போது முன்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்து, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. உருண்டை இடிக்கவில்லை. ஏழுமலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கூரையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டினார்.

சரோஜா அக்கா காலை எடுத்துவைத்து வந்து கரையைப் பார்த்தார். “இப்ப மிதிக்குது” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது போதும்.

பாரத்தோடு வரவேண்டும். தணிகாசலம் உள்ளே போய் நின்று மூட்டை ஏற்றினார். நாங்கள் மேட்டருகில் காத்திருந்தோம். வண்டி திரும்பி வந்தபோது கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்திருப்பதாகப் பட்டது. மேட்டில் ஏறியது, இறங்கியது. குதிக்கவில்லை. வண்டி போனபின் நான் குந்தி உட்கார்ந்து கரையைப் பார்த்தேன்.

இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், உப்பு விளையும் பாத்தியின் பக்கமாக, ஒரு முழ நீளத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

வண்டியோடு நடந்து வந்த தணிகாசலமும் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். ரெண்டடி எடுத்துவைத்து அதன்மேல் வந்து நின்றுகொண்டார். பெரிய தோல் செருப்பு. ரெண்டு காலையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததில் வெடிப்பு முழுக்க மறைந்தது. என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார்.

சரோஜா அக்கா சரிவிலிருந்து ஏறி வந்தார். “காலுக்குச் சுருக்குன்னு ஒண்ணு தெரிஞ்சிச்சே” என்றார். குனிந்து தேடினார். மேட்டின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல சரோஜா” என்றார் தணிகாசலம். “நல்லா பாத்துக்க. கரை கல்லு மாதிரி நிக்குது.”

அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடம் திரும்பினார்.

“ஏம்பா, நீ குந்திப் பாத்தியே. நீ சொல்லு. இருக்குதா, இல்லியா?”

அங்கே படுத்துக்கொள்ள வண்டி இல்லை. வண்டி ஐம்பதடி தள்ளி நின்றது. காதர் பாய் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தணிகாசலத்தின் உப்பு உள்ளே கிடந்தது, அம்பாரம் இங்கிருந்தே தெரிந்தது. இருக்கிறது என்றால் அது அங்கேயே கிடக்கும், என் வேலை கெடுத்தது என்று ஊர் சொல்லும். இல்லை என்றால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாலாவது நடையில் அந்த வெடிப்பு வாய் பிளக்கும். அந்தப் பாத்தியில் அக்காவின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“முதலாளி காலுக்கு அடியில இருக்குதுங்க” என்றேன்.

பாத்தியில் நின்ற பெண்களில் ஒருத்தி கையிலிருந்த, உப்பு வாருகிற வாருபலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அது ஒவ்வொருவராகப் பரவியது. சரோஜா அக்காவும் சிரித்தார். தணிகாசலம் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையாமல் நின்றார்.

“காலை எடு தணிகாசலம்” என்றார் அக்கா.

அவர் எடுத்தார். அக்கா வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். “எதனால வந்துச்சு?” என்று என்னைத்தான் கேட்டார்.

நான் வண்டிக்கு ஓடிப்போய்ப் பின்னால் ஏறிப் பார்த்தேன். நாற்பது மூட்டை. முப்பதுக்கு மேல் அது தாங்குகிற வண்டி இல்லை. அதிலும் பாதியைக் கேபினை ஒட்டி முன்னால் அடுக்கியிருந்தார்கள். ஒரே நடையில் நிறைய எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். பட்டை அடியோடு அமுங்கிப்போனால் அது பட்டை இல்லை, மறுபடியும் கல்.

“முப்பது மூட்டை. அதையும் நடுவுல வச்சா வராதுங்க” என்றேன். “இன்னொரு தடவை வுட்டுப் பாருங்க. வந்தா நானே அந்தப் பனைமரத்தைத் திரும்பப் போட்டுடறேன்.”

அக்கா யோசித்தார். “ஒரு தடவைன்னுதான் சொன்னேன்.”

“ஆமாங்க.”

“இருக்குதுன்னு சொன்னியே, அதுக்காக இன்னொரு தடவை.”

பத்து மூட்டையை இறக்கினோம். மீதியை நடுவில் அடுக்கினோம். வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. இந்தத் தடவை நானும் அக்காவுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவர் சொன்னது உண்மைதான். காலுக்குத் தெரிகிறது. சக்கரம் வரும்போது மண் மெதுவாக இறுகி, போனபின் மெதுவாக விட்டது. உதறல் இல்லை. பழைய வெடிப்பு நீளவில்லை, புதிது விழவும் இல்லை.

“முப்பதுதான்” என்றார் அக்கா. “முப்பத்தொண்ணு ஏத்தினா நான் எண்ணுவேன்.”

“சரி சரோஜா” என்றார் தணிகாசலம்.

“சும்மா நின்னா எப்படி? அந்த வெடிப்பை யாரு மூடுறது? செருப்பைக் கழட்டு. வா. நீயும் வா மேஸ்திரி. பாய், நீயும்தான். ஏழுமலை, எறங்கு.”

நாங்கள் நாலு பேரும் கரைமேல் வரிசையாக நின்றோம். அக்கா வெடிப்பில் ஈர மண்ணை அப்பினார். நாங்கள் மிதித்தோம். பெண்கள் பாத்தியில் நின்றுகொண்டு எங்களுக்கு வேலை சொன்னார்கள்.

“பாதம் முழுக்க வை, பாய்! டான்ஸ் ஆடாத!”

“மொதலாளிக்கு இடுப்பே அசைய மாட்டேங்குதே!”

அரைமணி நேரம் மிதித்திருப்போம். நாய்கள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தன.

7. பிறகு

தணிகாசலம் என்னோடு ரெண்டு வாரம் பேசவில்லை. ஆனால் வண்டி தினமும் முப்பது மூட்டையோடு போய்வந்தது. உப்பு முழுவதும் ரோட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய மழை பிடித்தது. பேசாத அந்த ரெண்டு வாரத்தில் அவருடைய மச்சான் வண்டியையும் எங்களிடம்தான் அனுப்பினார்.

கமான் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியை உயர்த்துவது, பட்டை குறைப்பது, ஷாக் மாட்டுவது எல்லாம் ரெண்டு வருஷத்தில் கையில் வந்துவிடும். வண்டிக்காரர் கேட்பதைச் செய்துகொடுப்பது பாதி வேலைதான். அவருடைய வண்டி யார் மண்ணின்மேல் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி. தப்பு என்று தெரிந்தால் அதை வேலை ஆரம்பிக்கும் முன்னால், வண்டிக்கு வெளியில் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகும். நான் சொல்லாமல் விட்டதற்கு மூன்று பாத்தி உப்பு கரைந்தது. அந்த மூன்று பாத்தியும் என்னுடையது இல்லை.